முந்தி வந்த சிரிப்பு

என் மனைவி சீக்கிரமாகச் சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுப் பிரச்சினை அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது.

சீக்கிரம் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒன்றேகால் வினாடி. வேறு எந்தப் புருஷனும் இதைக் கவனித்திருக்க மாட்டான். நான் கவனித்தேன், ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். பெயர் நாச்சிமுத்து. சூலூரில் பதினாறு வருடம் ஹோம் தியேட்டர் மாட்டிக்கொண்டிருந்தவன். திரையில் கதாநாயகி வாயை அசைத்து முடித்த பிறகு ஸ்பீக்கரில் குரல் வந்தாலோ, குரல் வந்த பிறகு வாய் அசைந்தாலோ, பல்லடத்திலிருந்து அன்னூர் வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தத் தொழிலின் ரகசியம் ரொம்பச் சின்னது. புது டிவிகள் படத்தை வாங்கியவுடன் காட்டுவதில்லை. அதை மினுக்கி, பவுடர் பூசி, பொட்டு வைத்துத்தான் வெளியே விடும். அதற்குள் சத்தம் முந்திக்கொண்டு ஓடிவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தி வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில்தான் மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒரு ஆள் கையைத் தட்டுகிற காட்சியை ஓடவிட்டு, கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கை சேர்வதும் சத்தம் கேட்பதும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு காப்பி கேட்பேன்.

இன்னொன்றும் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டேன். சத்தம் பிந்தி வந்தால் ஜனங்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். மின்னலுக்குப் பிறகுதானே இடி வருகிறது, பழகிப்போயிருக்கிறது. ஆனால் சத்தம் முந்தி வந்தால், கண்ணிமைக்கிற நேரத்தில் பாதிதான் என்றாலும், மனசுக்குள் ஏதோ உறுத்தும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் நிம்மதி போய்விடும்.

இப்போது நான் நிலாவில் வேலை பார்க்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கதைக்கு வேண்டியிருக்கிறது. நிலாவின் தென்முனையில் பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் பம்பு வேண்டும். பம்பு இருக்கிற இடத்தில் கோயமுத்தூர்க்காரன் இல்லாமல் இருப்பானா? முந்நூற்று நாற்பது பேரில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்ப் பக்கம். இத்தனை பேரும் வீட்டோடு பேசுவதற்குப் ‘பேச்சறை’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சுவர் முழுக்கத் திரை, சுற்றிலும் ஒன்பது ஸ்பீக்கர், எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதைப் பராமரிக்கத்தான் என்னைக் கூட்டி வந்தார்கள். என் மனைவி நவமணி வேண்டாம் என்றாள். “ரெண்டு வருசந்தான அம்மிணி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப் போயிரும்” என்று சொல்லிவிட்டு நான்தான் கிளம்பி வந்தேன்.

நிலாவிலிருந்து நான் பேசுவது சூலூர் போய்ச் சேர ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அவள் பதில் திரும்பி வர அதே நேரம். நடுவில் இருக்கிற கருவிகள் தின்பதையும் சேர்த்தால் மொத்தம் இரண்டே முக்கால் வினாடி. எந்த ஆம்ப்ளிஃபயரிலும் இதைச் சரி செய்ய முடியாது. வெளிச்சம் இதைவிட வேகமாக ஓடாது.

இரண்டே முக்கால் வினாடி என்ன செய்துவிடும் என்று வந்த புதிதில் நானும் நினைத்தேன். பேச்சறைக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியும். “எம் மேல பாசம் இருக்குதா?” என்று கேட்டால் உடனே வருகிற “இருக்குது” வேறு, மூன்று வினாடி யோசித்த மாதிரி வருகிற “இருக்குது” வேறு. யாரும் யோசிக்கவில்லை, வெளிச்சம்தான் பயணம் போகிறது என்று புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரியாது. கல் மாதிரி இருக்கிற பம்பு மெக்கானிக்குகள் கண் சிவந்து வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. நான் நவமணியிடம் அன்னூர்க்காரர் கதையைச் சொன்னேன். அவர் என் பழைய வாடிக்கையாளர். ஏழு லட்சம் ஏக்கர் இருக்கிற மாதிரி நடப்பார். அவர் வீட்டில் சத்தம் முந்தி வந்துகொண்டிருந்தது. என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, “தம்பி, அடி விழுகறதுக்கு முன்னாலயே வில்லன் கத்தறான். நொம்பப் பயந்தாங்கொள்ளியாட்ட இருக்குது” என்றார். இதை நான் நவமணியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நூற்றோராவது தடவையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, இரண்டே முக்கால் வினாடி காத்திருக்கத் தயாரானேன்.

ஒன்றரை வினாடியில் அவள் சிரித்துவிட்டாள்.

வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, நன்றாகத்தான் சிரித்தாள். ஆனால் கணக்குப்படி, என் கதையின் கடைசி வார்த்தைகள் சூலூருக்குப் போய்ச் சேரும் முன்பே அவள் சிரித்திருக்க வேண்டும். எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. முந்தி வந்த சத்தம்.

முதலில் லைனைச் சந்தேகப்பட்டேன். “அம்மிணி, நான் கை தட்டுனதும் நீயும் ஒண்ணு தட்டு” என்றேன். தட்டினாள். பேச்சறைக் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. பத்து முறை தட்டச் சொன்னேன். பத்து முறையும் இரண்டே முக்கால்.

“என்னங்க, பஜனையா பாடறோம்?” என்றாள்.

“ரூம்ல வேற ஆரு இருக்கறாங்க?”

“ஆரும் இல்லீங்க. லோகுண்ணன் காத்தால வந்து ஆம்ப்ளிஃபயரத் தொடச்சுக் குடுத்துட்டுப் போனாரு.”

லோகநாதன் என் பழைய கூட்டாளி. எங்கள் கடை இப்போது அவன் கையில். ஆள் ஒல்லி, ஆனால் வாய் பெரிசு. நான் சொல்கிற கதைகளையே என்னைவிட நன்றாகச் சொல்வான், அதற்காகவே அவனைப் பாதி நாள் எனக்குப் பிடிக்காது. அவன் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நவமணி வைத்த கொள்ளுப்பருப்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத மூலையில் நின்று அவளைச் சிரிக்க வைக்கிறான் என்று ஒரு வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. நினைத்தேன்.

அந்த நினைப்பிலிருந்து என்னை விடுவித்தவன் அப்புக்குட்டி. பெருந்துறைக்காரன், மூன்றாம் நம்பர் பம்பில் வேலை. பேச்சறையிலிருந்து வெளியே வந்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

“என்னாச்சுங்க அப்புக்குட்டி?”

“எம் பொண்ணு இதழினி கேக்கறா, ‘நீங்க வேகமா பேசற அப்பாவா, மெதுவா பேசற அப்பாவா’ன்னு.”

எனக்குப் புரியவில்லை. அவன்தான் சொன்னான். கம்பெனி வீடுகளுக்கு ஒரு பெட்டி தருகிறதாம். ‘இடைநிரப்பி’ என்று பெயர். ஆம்ப்ளிஃபயருக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிவிடுவார்கள். நாம் முன்பு பேசிய பேச்சையெல்லாம் அதற்குள் போட்டிருக்கும். வீட்டில் ஒருத்தி கேள்வி கேட்டால், நம் பதில் நிலாவிலிருந்து வரும்வரை அது காத்திருக்காது. நம் முகத்தோடு, நம் குரலில், நாம் என்ன சொல்வோமோ அதை அதுவே சொல்லிவிடும்.

“பக்கத்து நாற்காலில உக்காந்து பேசற மாதிரி இருக்குமுங்க. எடவெளியே இருக்காது” என்றான்.

“அப்ப நாம பேசறது?”

“அது பின்னால வந்து சேருமுல்ல? பொட்டி சொன்னதையே நாமளும் சொல்லியிருந்தா, அத முழுங்கிரும். ஒருக்கா கேட்டத மறுக்கா எதுக்குக் கேக்கோணும்? வேற மாதிரி சொல்லியிருந்தாத்தான் நம்ம பேச்ச உள்ள விடும். எம் பொண்ணுக்கு அந்த எடத்துல தடுக்குது. தடுக்கறப்ப வர்றவன் மெதுவா பேசற அப்பன். அவளுக்கு அவனப் புடிக்கலையாமா.”

“நம்மளக் கேக்காம எப்படி வெச்சாங்க?”

“கேட்டாங்களே. ஒப்பந்தத்துல முப்பத்தோராம் பக்கம். நீங்களுந்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அடுத்த ஞாயிறு நான் நவமணியிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். “கம்பெனில இருந்து ஏதாச்சும் பொட்டி கொண்டாந்து குடுத்தாங்களா அம்மிணி?”

“ஆமாங்க, போன மாசம். லோகுண்ணன்தான் மாட்டுனாரு. உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன். அது என்னாச்சுன்னா…”

“செரி செரி, வெச்சுக்க. வேற என்ன விசேசம்?”

அவள் மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னுடைய ‘செரி செரி’ போய்ச் சேர்ந்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறவன் ஆகிவிடுவேன், கேட்காவிட்டால் பெருந்தன்மைக்காரன். பெருந்தன்மைக்காரனாகவே இருந்துவிட்டு, அறைக்குத் திரும்பி வந்து தலையணையைக் குத்தினேன்.

அதற்குப் பிறகு எனக்கு லோகநாதன் மேல் கோபமில்லை. பொறாமைப்பட வேறு ஆள் கிடைத்துவிட்டான். அவன் என் வீட்டில், என் சோபாவுக்கு எதிரே, நான் அங்குலம் அங்குலமாக அளந்து மாட்டிய திரையில் இருக்கிறான். என் மூக்கு, என் வழுக்கை, என் குரல். ஆனால் அவனுக்கு வேலை முடிந்த அலுப்பு கிடையாது. நெஞ்செரிச்சல் கிடையாது. மேலதிகாரி திட்டியதை வீட்டில் வந்து காட்டுகிற புத்தி கிடையாது. அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறான். அவள் சிரிப்பு முதலில் அவனுக்குப் போகிறது. ஆறின பிறகு மிச்சம் எனக்கு வருகிறது. எதிராளி வேறொருவனாக இருந்தால் ஊருக்குத் திரும்பிப் போய் சட்டையைப் பிடிக்கலாம். இவன் சட்டையும் என்னுடையதுதான்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அவன் பலம். சரி, நான் சொல்லப்போவது அவனுக்குத் தெரியக் கூடாது.

கதைகளின் முடிவை மாற்றினேன். அன்னூர்க்காரரை ஆரம்பித்து, அடி விழுவதற்கு முன்னால் வில்லன் வரைக்கும் கொண்டுவந்து, “அன்னைக்கே அவரு மாட்ட வித்துட்டாரு” என்று முடித்தேன். அம்மிணி என்று கூப்பிடுவதை விட்டேன். நவமணி என்றேன், ஒரு நாள் “இந்தாம்மா” என்றேன். அவள் கொள்ளுப்பருப்பு கடைந்ததாகச் சொன்னபோது, எனக்கு அது எப்போதுமே பிடித்ததில்லை, உன் மனசு நோகக் கூடாதென்று தின்றேன் என்றேன். வாய் கூசியது. ஆனால் அன்று அவள் முகம் மாறுவதற்கு இரண்டேகால் வினாடி ஆனது. பெட்டி தடுமாறியிருக்கிறான் என்று எனக்கு ஒரே குஷி.

ஒவ்வொரு வாரமும் அளந்தேன். ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு. அவன் பின்வாங்கிக்கொண்டிருந்தான். நான் முன்னேறிக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தேன், அழ வேண்டிய செய்திக்குச் சிரித்தேன். அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னபோது, அப்புக்குட்டி தன் பம்பில் உறை மாற்றியதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன்.

“உங்களுக்கு ஒடம்பு ஏதாச்சும் செரியில்லீங்களா?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கறேன்.”

“நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா? இருந்தா சொல்லிப் போடுங்க. பேசிப் போட்டா ஆகிப் போச்சு.”

“ஒண்ணுமில்ல.”

அவள் கண்ணைப் பார்த்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைக்காரனுக்குக் கண் ரெண்டும் எதிராளி மேலேதான் இருக்கும், பக்கத்தில் இருப்பவள் தெரிய மாட்டாள்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிறு. நான் ஏதோ ஒரு வேடிக்கை சொன்னேன், என்னுடையது இல்லை, சமையற்கட்டில் கேட்டது. அவள் சிரித்தாள். இரண்டே முக்கால். சரியாக இரண்டே முக்கால், முள் மயிரிழை கூடப் பிசகவில்லை. வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பறை சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பது போலச் சின்னதாகத்தான் சிரித்தாள். எனக்கென்ன? அந்தச் சிரிப்பு முழுக்க எனக்கே வந்தது, நடுவில் யாரும் கை வைக்கவில்லை. அன்று பொட்டலப் பாயசம் நாலு உடைத்து அப்புக்குட்டிக்கும் மற்றவர்களுக்கும் ஊற்றினேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். “எங்க வூட்டு லைன் செரியாயிருச்சு” என்றேன்.

ஜெயித்தவன் சும்மா இருக்கலாம். என்னால் முடியவில்லை. லோகநாதனைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போ, இனிமேல் அதனால் பிரயோசனமில்லை என்று சொல்லி, அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மறுநாள் மதியம் அப்புக்குட்டியின் முறையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு அவன் கடைக்குப் பேசினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வினாடியிலிருந்து பாயசம் வரைக்கும். அவன் சோல்டரிங் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எந்தப் பொட்டியடா சொல்ற?” என்றான்.

“நீ மாட்டுனயே, அது.”

“அதையா? மூணாம் நாளே தங்கச்சி கழட்டச் சொல்லிருச்சே. எம்பட கடைலதான் கெடந்துச்சு.”

“எதுக்குக் கழட்டச் சொன்னா?”

“நானும் கேட்டேன். ‘அவரு அடுத்து என்ன சொல்லுவாருன்னு கண்டுபுடிக்கறதுக்கு ஒரு பொட்டி வேணுமுங்களாண்ணா? பதினாலு வருசமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்’னு சிரிச்சுச்சு. உங்கிட்டச் சொல்ல வந்தப்ப நீ கேக்கவே இல்லைன்னு வருத்தப்பட்டுச்சு.”

“அப்ப அந்த ஒன்றரை வினாடி?”

இந்தக் கேள்வி அவனிடம் போய்ச் சேர்ந்ததை அவன் முகத்தில் பார்த்தேன். “ஏன்டா நாச்சி, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? பொட்டி இருந்திருந்தா சைபருல்ல காட்டியிருக்கோணும்? எடவெளியே இல்லாம பண்றதுக்குத்தான அது? ஒன்றரை வினாடி எந்த மெசின்டா காட்டும்? அது ஆளு. உம்பட பொண்டாட்டி. நீ வாயத் தொறந்தா அன்னூர்க்காரரு எங்க போயி நிப்பாருன்னு தெரிஞ்சு, அங்க போயி உனக்கு முன்னாலயே காத்துக்கிட்டிருந்திருக்கா.”

சின்னக் கழித்தல் கணக்கு. பள்ளிக்கூடப் பையன் போடுவான். பதினாறு வருடம் வினாடியைப் பிளந்து பிழைத்தவனுக்குத் தோன்றவில்லை. முந்தி வருகிற சத்தம் என்றால் கருவியில் கோளாறு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மனுஷி முந்தி வருவாள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஒன்றரை வினாடியை நாலு மாதம் பாடுபட்டு இரண்டே முக்காலாக ஆக்கியிருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரிந்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமல் செய்திருக்கிறேன். அதற்குப் பாயசம் வேறு.

“இப்பவே பேசறேன் லோகு. எல்லாத்தையும் சொல்லிப் போடறேன்.”

லோகநாதன் தலையைச் சொறிந்தான். வாய் பெரிசானவன் வார்த்தை தேடுவதை அன்றுதான் பார்த்தேன். “ஒண்ணு சொல்லோணும். நேத்துச் சாயங்காலம் தங்கச்சி கடைக்கு வந்துச்சு. அந்தப் பொட்டிய மறுபடியும் மாட்டித் தரச் சொல்லிக் கேட்டுச்சு.”

“எதுக்கு?”

“‘இப்பெல்லாம் அவரு என்ன பேசுவாருன்னே தெரியறதில்லீங்ண்ணா, ஆரோ மூணாவது மனுசன்கிட்டப் பேசறாப்பல இருக்குது. அந்தப் பொட்டிக்குள்ளயாச்சும் பழைய ஆளு இருப்பாருல்லீங்களா’ன்னு கேட்டுச்சு. அழுதுச்சுடா. இன்னைக்குக் காத்தாலதான் போயி மாட்டிட்டு வந்தேன்.”

நான் அவனிடம் விடை கூடப் பெறவில்லை. வீட்டு எண்ணைப் போட்டேன்.

நவமணி வந்து உட்கார்ந்தாள். திங்கட்கிழமையில் என்னை எதிர்பார்க்கவில்லை, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். இந்த நாலு மாதத்தில் எப்போது இளைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

“அம்மிணி” என்றேன்.

நான் சொன்ன அதே நொடியில் அவள் நிமிர்ந்தாள். இரண்டே முக்கால் இல்லை, ஒன்றரை இல்லை. சைபர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல.

என் வார்த்தை இன்னும் நிலாவைத் தாண்டியிருக்காது. அவளை அம்மிணி என்று கூப்பிட்டது அவன். முன்பு இல்லாதவன் மேல் பொறாமைப்பட்டேன், இப்போது நிஜமாகவே வந்து உட்கார்ந்திருக்கிறான், என் கையால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். அவன் தடுமாற வேண்டும் என்றால் வழி எனக்குத் தெரியும். நாலு மாதம் பழகிய வித்தை. சம்பந்தமில்லாமல் எதையாவது சொன்னால் போதும், என் குரல் உள்ளே போய்விடும். ஆனால் அதைச் செய்தால் நான் மறுபடியும் அந்த மூன்றாவது மனுஷன்தான். என் மனசில் இருக்கிறதை, நான் சொல்கிற மாதிரியே சொன்னால், அவன் அதை முழுங்கிவிடுவான்.

முழுங்கினால் முழுங்கட்டும் என்றுதான் சொன்னேன். “நாலு மாசமா நான் நானா இல்ல அம்மிணி. பொட்டி பேசறதாட்ட நெனச்சுக்கிட்டு உன்னப் பாடாப் படுத்திப்போட்டேன். கொள்ளுப்பருப்புப் புடிக்காதுன்னது பொய்யி. எல்லாமே பொய்யி. என்ன மன்னிச்சிரு.”

நான் சொல்லச் சொல்ல அவள் கண் நிறைந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும், அந்தந்த வார்த்தையின் மேலேயே, அவள் முகம் மாறியது. என் தொழிலில் இவ்வளவு சுத்தமான பொருத்தத்தை நான் எந்த வீட்டிலும் கொண்டுவந்ததில்லை. ‘மன்னிச்சிரு’வை அவன் எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என்னைப் போலத் திக்கித் திணறியிருக்க மாட்டான். அவனுக்கு அது எவ்வளவு சுலபமாக வந்திருக்கும் என்று நினைக்கும்போது வயிறு எரிந்தது, அந்த நேரத்திலும் எரிந்தது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு திரைக்குக் கிட்டே வந்து, ஒரு சந்தேகத்தோடு என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லோணும். இப்பப் பேசுனது நீங்கதானுங்களே? பொட்டி இல்லீங்களே?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முகம் தெளிந்துவிட்டது. யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், ரெண்டு தடவை ஆட்டினாள், அப்புறம் சிரித்தாள். நாலு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

“அது போதுமுங்க” என்றாள்.

“நான்தான் அம்மிணி. நாந்தான் பேசுனேன்” என்றேன்.

அவள் அதற்குள் எதிர் வீட்டு நாய் அஞ்சு குட்டி போட்டதைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.